ஒளிநாடாக்களை இறுவட்டுக்கு மாற்றுதல்

ஒளிநாடாக்களை இறுவட்டுக்கு மாற்றுதல் என்பது வி.எச்.எஸ், வீடியோ 8 முதலிய காந்த நாடாக்களில் பதிவாகியுள்ள வீட்டு நிகழ்படங்களை எண்ணிம வடிவத்துக்கு மாற்றி, டி.வி.டி போன்ற இறுவட்டுகளில் எழுதிக்கொள்ளும் செயற்பாடு ஆகும். திருமணம், பூப்புனித நீராட்டு, குழந்தையின் முதற் பிறந்தநாள், பள்ளி விழா, ஊர்த் திருவிழா ஆகியவற்றைக் கொண்ட இந்நாடாக்களுக்குப் பெரும்பாலும் வேறு படி கிடையாது. திரைப்பட நாடா ஒன்று பழுதானால் அதே படத்தை வேறிடத்தில் பெறலாம். குடும்ப நாடா ஒன்று பழுதானால் அதில் நடமாடிய, பேசிய மனிதர்களின் பதிவு முற்றாக இல்லாமற் போகும்.

நாடாவும் அதனைப் படிக்கும் கருவியும் ஒரே காலத்தில் அழிந்து வருகின்றன. ஆகையால் இம்மாற்றத்தைத் தள்ளிப்போடக்கூடிய காலம் மிகவும் சுருங்கிவிட்டது. மாற்றத்தின் தரம் கணினியில் முடிவாகிறது என்று பலரும் எண்ணுவர். உண்மையில் அதன் பெரும்பகுதி நாடாவை ஓட்டும் கருவியிலேயே முடிவாகிவிடுகிறது.

பின்னணி

சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் 1975 ஆம் ஆண்டிலும், ஜே.வி.சி நிறுவனத்தின் வி.எச்.எஸ் 1976 ஆம் ஆண்டிலும் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. இரண்டும் 12.7 மில்லிமீட்டர் அகல நாடாவைப் பயன்படுத்தினாலும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. 1980களின் இறுதிக்குள் வீடுகளில் வி.எச்.எஸ் நிலைபெற்றுவிட்டது. கையில் எடுத்துச் செல்லும் நிகழ்படக் கருவிகளுக்கெனச் சிறிய பேழைகளும் வந்தன: 1982 இல் வி.எச்.எஸ்-சி, 1985 இல் வீடியோ 8, 1989 இல் ஹை 8. 1995 இல் வந்த மினி டி.வி, நாடாவிலேயே எண்ணிம முறையில் பதிவு செய்தது.

தமிழ்நாட்டிலும் இலங்கைத் தமிழரிடையேயும் நாடாவை ஓட்டும் கருவி "டெக்" என்றே வழங்கப்பட்டது. அதனை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துத் தெருவே கூடிப் படம் பார்த்த காலமும் இருந்தது. சொந்தமாக டெக் இல்லாத வீடுகளிலும் "கல்யாணக் கேசட்" இருந்தமைக்கு இவ்வாடகை வழக்கமே காரணம்.

வி.சி.ஆர் தயாரித்து வந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய் 2016 சூலையுடன் தயாரிப்பை நிறுத்தியது. பீட்டாமேக்ஸ் பேழை விற்பனையைச் சோனி அதே ஆண்டு மார்ச்சில் முடித்துக்கொண்டது. மினி டி.வி பேழைகளின் தயாரிப்பை அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. எனவே நாடாவைப் படிக்க எஞ்சியிருப்பவை பழைய கருவிகள் மட்டுமே. அவற்றின் இரப்பர்ப் பட்டைகள் தளர்கின்றன, நெகிழிப் பற்சக்கரங்கள் வெடிக்கின்றன, மின்தேக்கிகள் உலர்கின்றன. இவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்து வருகின்றனர். யுனெஸ்கோவின் "அனைவருக்கும் தகவல்" திட்டம், ஒலி மற்றும் ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கத்துடன் இணைந்து 2019 இல் காந்த நாடா எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. அது 2025 ஆம் ஆண்டையே எல்லையாகக் குறிப்பிட்டது. அவ்வெல்லை இப்போது கடந்துவிட்டது.

நாடாவில் படம் பதியும் முறை

ஒலிநாடாவில் நாடா மட்டும் நகரும். தலை அசையாது நிற்கும். நிகழ்படத்துக்குத் தேவையான உயர் அதிர்வெண்களைப் பதிய அவ்வேகம் போதாது. ஆகவே வி.எச்.எஸ் கருவியில் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று சற்றுச் சாய்வாகச் சுழல்கிறது. அதன் விளிம்பில் எதிரெதிராகப் பொருத்தப்பட்ட இரு காந்தத் தலைகள் நாடாவின் குறுக்கே சாய்வான தடங்களை வரைகின்றன. இந்தியா, இலங்கை முதலிய நாடுகளில் பயன்பட்ட பால் முறையில் உருளை நொடிக்கு 25 முறை சுழலும். நாடாவோ நொடிக்கு 23.39 மில்லிமீட்டர் மட்டுமே நகரும். ஆயினும் தலைக்கும் நாடாவுக்கும் இடையிலான வேகம் நொடிக்கு ஐந்து மீட்டரை நெருங்குகிறது. ஒவ்வொரு தடத்தின் அகலமும் 49 மைக்ரோமீட்டர் மட்டுமே. ஒரு தலைமயிரின் தடிப்பை விட இது குறைவாகவே இருக்கும்.

ஒவ்வொரு தடமும் படத்தின் பாதியைக் கொண்டது. முதல் தடத்தில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள் என மாறி மாறிப் பதிவாகும். இவ்வாறு நொடிக்கு 50 அரைப்படங்கள் கிடைக்கின்றன. ஒளிர்வுக் குறிகையும் நிறக் குறிகையும் பிரிக்கப்பட்டு, நிறம் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் தனியே பதியப்படுகிறது. வி.எச்.எஸ் படத்தின் கிடைப் பிரிதிறன் ஏறத்தாழ 240 வரிகள் மட்டுமே என்பதும், அதில் நிறங்கள் உருவின் விளிம்பைத் தாண்டிக் கசிவதும் இதனால்தான். இவை பதிவின்போதே ஏற்பட்டவை. எந்த மாற்றமும் இவற்றைத் திருத்தித் தராது.

பால் முறையில் மூன்று மணி நேரம் ஓடும் பேழையில் 250 மீட்டருக்கு மேற்பட்ட நாடா உள்ளது. அது முழுவதும் தலையில் உரசிக்கொண்டு சென்றால்தான் படிக்கப்படும். ஆகவே மூன்று மணி நேர நாடாவை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும். இதனை விரைவுபடுத்த வழி இல்லை. ஒரு பெட்டி நிறைய நாடா வைத்திருப்போர் முதலிற் கணக்கிட வேண்டியது இதுவே.

நாடா பழுதடையும் விதம்

நாடா என்பது பாலியெஸ்டர்ப் படலம் ஒன்றின் மேல் காந்தத் துகள்களைப் பசையோடு கலந்து பூசியதாகும். படலம் உறுதியானது, துகள்களும் எளிதில் காந்தத்தை இழப்பதில்லை. நடுவிலுள்ள பசையே நலிந்த பகுதி. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும்போது நீராற்பகுப்பு நிகழ்ந்து, பூச்சு பிசுபிசுக்கத் தொடங்கும். அத்தகைய நாடா ஓடும்போது தலையில் பசை படிந்து படம் பனிமூட்டம்போல் மறையும், அல்லது நாடா ஒட்டிக்கொண்டு கிறீச்சிடும். தொழில்முறைப் பயன்பாட்டுக்கான சில பழைய நாடாக்களில் இது மிகுதி, வீட்டு வி.எச்.எஸ் நாடாக்களில் ஒப்பளவிற் குறைவு.

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற ஈரமிக்க வெப்பப் பகுதிகளில் வீட்டு நாடாவுக்குப் பெரும் பகை பூஞ்சணம் ஆகும். பேழையின் கண்ணாடி வழியே பார்க்கும்போது, சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடியாகவோ சிலந்தி வலைபோன்றோ அது தென்படும். இத்தகைய நாடாவை ஒருபோதும் அப்படியே கருவியில் இடக்கூடாது. பூஞ்சணத் துகள்கள் கருவிக்குள் பரவி, அடுத்து இடப்படும் நல்ல நாடாவிலும் படியும். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் பிரியும்போது நாடா கிழியவும் கூடும். அதனைத் தனி உறையிலிட்டு, மற்ற நாடாக்களிலிருந்து விலக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் உலர வைத்து, அதற்கெனத் தனிக் கருவி வைத்திருப்போரிடம் துப்புரவுக்குக் கொடுப்பதே தக்கது.

ஓட்டுவதற்கு முன்

பேழையின் முதுகுப்புறத்தில் ஓர் ஓரமாகச் சிறிய நெகிழித் தகடு ஒன்று இருக்கும். அதனை ஒடித்துவிட்டால் அந்நாடாவில் மேற்பதிவு செய்ய முடியாது. வீடியோ 8 பேழையில் அதே வேலையைச் செய்வது நகரும் தாழ். மாற்றத்தின்போது தவறான பொத்தான் அழுத்தப்பட்டுத் திருமணத்தின் மேல் தொலைக்காட்சி நிகழ்ச்சி பதியாமல் காப்பது இவ்வொரு தகடே. ஆகவே முதல் வேலை இதுவாக இருத்தல் நன்று.

புதிதாக வாங்கிய பழைய கருவியில் அரிய நாடாவை முதலில் இடக்கூடாது. இழந்தாலும் கவலையில்லாத நாடா ஒன்றை இட்டு, முழுவதும் ஓட்டி, வெளியே எடுத்து, அதில் மடிப்போ கீறலோ விழுந்துள்ளதா எனப் பார்த்த பின்னரே மற்றவற்றை இடவேண்டும். நெடுங்காலம் ஒரே நிலையில் கிடந்த நாடாவைக் கடைசி வரை விரைவாக முன்னோட்டிப் பின் திரும்பச் சுற்றினால் சுருளின் இறுக்கம் சீராகும்.

தலையைத் துடைக்கும் முறையிலும் கவனம் தேவை. மென்தோலை ஐசோபுரோப்பைல் ஆல்ககோலில் நனைத்து உருளையின் மேல் வைத்து, உருளையையே மெதுவாகச் சுழற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலையின் நுனி உடைந்துவிடும். பஞ்சுக் குச்சியின் இழைகள் தலையிற் சிக்குமாதலால் அதுவும் உகந்ததன்று.

அறுந்த நாடாவைச் சாதாரண ஒட்டுநாடாவால் ஒட்டுவோர் உண்டு. அதன் பசை வெப்பத்தில் இளகித் தலையிற் படியும். இணைப்பதற்கென்றே உள்ள நாடாவைக் கொண்டு, காந்தப் பூச்சு இல்லாத பின்புறத்தில் ஒட்ட வேண்டும். பேழையின் ஓடு உடைந்திருந்தால் அடிப்புறத்திலுள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றிச் சுருள்களை வேறொரு பேழைக்கு மாற்றலாம். இது கடினமான வேலை அன்று.

ஓட்டும் கருவி

வி.எச்.எஸ்-சி பேழையை ஒரு மாற்றுப் பேழைக்குள் வைத்துச் சாதாரண வி.எச்.எஸ் கருவியில் ஓட்டலாம். வீடியோ 8, ஹை 8 ஆகியவற்றுக்கு அத்தகைய மாற்றுப் பேழை கிடையாது. அவற்றின் நாடா அகலமே 8 மில்லிமீட்டர் ஆதலால் அது இயலாத ஒன்று. அவற்றைப் படம்பிடித்த கருவியோ, அவ்வகைக்குரிய ஓட்டியோ வேண்டும். 1999 இல் வெளிவந்த டிஜிட்டல் 8 கருவிகளிற் பல, பழைய 8 மில்லிமீட்டர் நாடாக்களையும் ஓட்டி, எண்ணிமக் குறிகையாகவே கணினிக்கு அனுப்ப வல்லவை.

நாடா ஓடும்போது அதன் வேகம் நுண்ணளவில் ஏறி இறங்கும். அதனால் படத்தின் ஒவ்வொரு வரியும் சற்று முன்னோ பின்னோ தொடங்கும். நேரான கதவு நிலை அலையலையாக நெளிவதும், படத்தின் மேற்பகுதி கொடிபோல் வளைவதும் இதன் விளைவுகள். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகள் இப்பிழையைப் பொறுத்துக்கொண்டன. எண்ணிமமாக்கும் கருவி அவ்வாறு பொறுப்பதில்லை. அது படச்சட்டங்களைத் தவறவிடும், அதனால் ஒலியும் படமும் ஒன்றையொன்று விட்டு விலகும். வரிகளைத் தற்காலிகமாகச் சேமித்துச் சரியான நேரத்தில் வெளிவிடும் காலத்தளத் திருத்தி இக்குறையைப் போக்குகிறது. உயர்தர எஸ்-வி.எச்.எஸ் கருவிகள் சிலவற்றில் இது உள்ளமைந்தே இருந்தது. கணினிக்கும் மென்பொருளுக்கும் செலவிடும் பணத்தை இத்தகைய கருவி ஒன்றுக்குச் செலவிடுவது கூடுதற் பயன் தரும்.

கருவியில் எஸ்-வீடியோ வெளியீடு இருந்தால் மஞ்சள் நிறச் செருகியை விட்டு அதனையே பயன்படுத்த வேண்டும். ஒளிர்வும் நிறமும் அதில் தனித்தனிக் கம்பிகளிற் செல்வதால் ஒன்றையொன்று குழப்புவதில்லை.

ஒலி

படத்தின் மீது காட்டும் அக்கறையை ஒலியின் மீது காட்டுவோர் குறைவு. ஆயினும் மறைந்த ஒருவரின் குரல் குடும்பத்தில் வேறெங்கும் பதிவாகாமல் இந்நாடாவில் மட்டும் இருக்கக்கூடும்.

வி.எச்.எஸ் நாடாவின் ஓரத்தில் ஒரு நேர்கோட்டு ஒலித்தடம் உண்டு. நாடாவின் வேகம் குறைவென்பதால் இதன் தரமும் குறைவு. 1980களின் நடுவில் வந்த ஹை-ஃபை கருவிகள் இதனுடன், சுழலும் உருளையிலுள்ள வேறு தலைகளால் படத்தடத்துக்கு அடியிலும் ஒலியைப் பதிந்தன. ஓரத் தடத்தை மட்டும் அழித்து அதில் வேறு ஒலியைச் சேர்க்கும் வசதி பல கருவிகளில் இருந்தது. அடியிலுள்ள ஹை-ஃபை ஒலியைப் படத்தை அழிக்காமல் மாற்ற இயலாது. ஆகவே நாடாவின் மேல் பின்னாளில் திரைப்பாடல் சேர்க்கப்பட்டிருந்தாலும், மூல நாடா ஹை-ஃபை முறையிற் பதிவாகியிருப்பின் பேச்சொலி அடியில் எஞ்சியிருக்கலாம். கருவியிலுள்ள ஒலித் தெரிவுப் பொத்தானை மாற்றி இரு தடங்களையும் கேட்டுப் பார்ப்பது அவசியம்.

தமிழர் திருமண நாடாக்களில் இது வெறும் கோட்பாடு அன்று. படக்கலைஞர்கள் தொகுத்துக் கொடுத்த பேழைகள் பலவற்றில் தாலிகட்டு முதல் விருந்து வரை திரைப்பாடல்களே ஒலிக்கும். அங்கே பேசியவர்களின் குரல் கேளாது. தொகுத்த பேழை மூல நாடாவின் படி என்பதால் படத்தின் தெளிவும் ஒரு படி இறங்கியே இருக்கும். தொகுக்கப்படாத மூல நாடா எவரிடமாவது இருந்தால் முதலில் அதனையே மாற்ற வேண்டும்.

எண்ணிமமாக்கல்

2000களில் பரவலான எளிய வழி, நாடா ஓட்டியும் டி.வி.டி எழுதியும் ஒரே பெட்டியில் அமைந்த கருவியாகும். ஒரு பொத்தானில் வேலை முடிந்துவிடும். கடைகளில் செய்து தரப்பட்ட மாற்றங்களிற் பெரும்பாலானவை இவ்வகையே. இதில் ஒரு விந்தையான இடையூறும் உண்டு. வணிகத் திரைப்பட நாடாக்களில் படியெடுப்பதைத் தடுக்கும் குறிகை இருக்கும். அதனைக் கண்டால் டி.வி.டி எழுதி நின்றுவிடும். தேய்ந்த வீட்டு நாடாவின் நிலையற்ற குறிகையையும் இக்கருவிகள் சில வேளைகளில் அவ்வாறே தவறாகக் கொண்டு, குடும்பத்தின் சொந்தப் படத்தையே படியெடுக்க மறுக்கும். காலத்தளத் திருத்தி இடையில் இருந்தால் இச்சிக்கல் பெரும்பாலும் நீங்கும்.

மற்ற வழி, பிடிப்பு அட்டை அல்லது யு.எஸ்.பி கருவி மூலம் கணினியின் வன்தட்டில் முதலிற் பதிந்துகொண்டு, பின் அதிலிருந்து வட்டு உருவாக்குவதாகும். பால் முறைப் படம் 720 x 576 படவணுக்களாகவும் நொடிக்கு 25 சட்டங்களாகவும் பதியப்படும். அமுக்காமல் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 கிகாபைட்டு தேவை. ஹஃப்யுவ், எஃப்.எஃப்.வி 1 போன்ற இழப்பற்ற அமுக்க முறைகள் தரம் சிறிதும் குறையாமல் இவ்வளவைப் பாதியளவுக்குக் குறைக்கும். எஃப்.எஃப்.வி 1 இன் வரையறை 2021 இல் இணையப் பொறியியற் குழுவால் ஆவணமாக வெளியிடப்பட்டது. இடவசதி இல்லாதோர் மணிக்கு ஏறத்தாழ 13 கிகாபைட்டு எடுக்கும் டி.வி எனப்படும் எண்ணிம நிகழ்பட வடிவத்தைப் பயன்படுத்தலாம்.

கணினியிற் பார்க்கும்போது இரு குறைகள் புதிதாகத் தோன்றிப் பயனரைக் கலவரப்படுத்தும். அசையும் உருவங்களின் விளிம்பில் சீப்பின் பற்கள் போன்ற கோடுகள் தெரியும். இரு அரைப்படங்கள் ஒரே நேரத்திற் காட்டப்படுவதே இதற்குக் காரணம். படத்தின் அடியில் சில வரிகள் கலங்கித் துடிக்கும். ஒரு தலையிலிருந்து மறுதலைக்கு மாறும் இடம் அது. பழைய தொலைக்காட்சியின் சட்டகம் அதனை மறைத்து வந்தது. இரண்டும் பழுதுகள் அல்ல. மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கான படியில் மட்டும் இவற்றைத் திருத்துவது நல்லது. அரைப்படங்களை ஒருமுறை தவறாகக் கலந்துவிட்டால் பின்னர் பிரிக்க இயலாது.

பால், என்.டி.எஸ்.சி, செக்கம்

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் பால் முறையையும், கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி முறையையும், பிரான்சு செக்கம் முறையையும் பின்பற்றின. புலம்பெயர்ந்த குடும்பங்களின் நாடாக்கள் பெரும்பாலும் கலந்தே இருக்கும். யாழ்ப்பாணத்தில் எடுத்த திருமண நாடா தொரன்றோவிலுள்ள சாதாரண கருவியில் ஓடாது. செக்கம் நாடா பால் கருவியில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். படம் தெரியாததால் நாடா அழிந்துவிட்டது எனக் கருதி எறிந்துவிடுவதற்கு முன், அது எந்நாட்டிற் பதியப்பட்டது எனக் கேட்டறிய வேண்டும்.

பன்முறைக் கருவிகள் எல்லா வகையையும் ஓட்டும். எனினும் அவற்றிற் சில என்.டி.எஸ்.சி நாடாவைப் "பால்-60" எனும் இடைக்கலப்புக் குறிகையாக வெளியிடும். பிடிப்பு அட்டையிலும் அதனையே தெரிவு செய்யாவிடில் நிறம் வராது.

வட்டில் எழுதுதல்

ஓரடுக்கு டி.வி.டியின் கொள்ளளவு 4.7 கிகாபைட்டு. நிகழ்படம் எம்பெக்-2 முறையில் அமுக்கப்படுகிறது. இரண்டு மணி நேரப் படத்தை ஒரு வட்டில் அடக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட்டு கிடைக்கும். ஆறு மணி நேரத்தை அடக்கினால் 2 மெகாபிட்டுக்கும் குறையும். பழைய நாடாவின் புள்ளி இரைச்சலையும் அமுக்கி படத்தின் நுணுக்கமாகவே கருதி அதற்கும் இடம் ஒதுக்குவதால், ஆறு மணி நேர வட்டில் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதையும். மூன்று மணி நேர நாடாவை இரு வட்டுகளில் எழுதுவது நல்லது. ஒரே வட்டில்தான் வேண்டுமெனில் படத்தின் அகலத்தை 352 படவணுக்களாகக் குறைத்துக்கொள்ளலாம். வி.எச்.எஸ் பதிவின் பிரிதிறன் அதற்குள் ஏறத்தாழ அடங்கிவிடுமாதலால் இழப்பு சிறிதே.

வீட்டில் எழுதும் டி.வி.டிகளில் தகவல் ஒரு கரிமச் சாயப் படலத்தில் எரித்துப் பதியப்படுகிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் இச்சாயத்தைக் கெடுக்கும். மலிவான வட்டுகள் சில ஆண்டுகளிலேயே படிக்க முடியாமற் போனதுண்டு. 2000களில் நாடாவை வட்டுக்கு மாற்றிவிட்டு நாடாவை எறிந்த குடும்பங்களிற் சில, இப்போது இரண்டும் இல்லாமல் நிற்கின்றன. வட்டு படிக்கும் வசதி இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இல்லை என்பதும் கருதத்தக்கது. எனவே வட்டை உறவினருக்குக் கொடுப்பதற்கான படியாகக் கொண்டு, மூலக் கோப்பை இரு வேறு வன்தட்டுகளிலும், அவற்றுள் ஒன்றை வேறொரு வீட்டிலும் வைத்திருப்பது பாதுகாப்பானது. ஏற்கெனவே வட்டுக்கு மாற்றியவர்கள் அதன் உள்ளடக்கத்தை இப்போதே வன்தட்டுக்குப் படியெடுத்துக்கொள்ளலாம்.

கோப்பின் பெயரில் ஆண்டு, இடம், நிகழ்ச்சி ஆகியன இருத்தல் வேண்டும். படத்தில் இருப்போர் யாவர் என்பதை அடையாளம் காட்டக்கூடிய முதியவர்களுடன் அமர்ந்து பார்த்து எழுதி வைப்பது இம்மாற்றத்தின் ஒரு பகுதியே ஆகும். தொழில்நுட்பத்தால் பின்னர் ஈடுசெய்ய முடியாத பகுதியும் அதுவே.

மூல நாடா

மாற்றம் முடிந்த பின்னும் நாடாவை எறியக்கூடாது. முழுவதும் ஒரு பக்கமாகச் சுற்றி, உறையிலிட்டு, புத்தகம்போல் நிமிர்த்தி, ஈரமும் வெப்பமும் குறைந்த இடத்தில் வைக்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. லேசர் வட்டுகளுக்கென உருவான மென்பொருள் ஒன்றிலிருந்து கிளைத்த வி.எச்.எஸ்-டிகோட் என்னும் கட்டற்ற மென்பொருள், வி.சி.ஆரின் மஞ்சள் செருகியைப் பயன்படுத்துவதில்லை. தலையிலிருந்து வரும் பண்படாத குறிகையைக் கருவியின் உள்ளிருந்தே எடுத்து, நிறப் பிரிப்பு, காலத்தளத் திருத்தம் ஆகிய அனைத்தையும் கணினியிற் செய்கிறது. பல நாடாக்களில் இதனால் பழைய மாற்றத்தை விடத் தெளிவான படம் கிடைக்கிறது. இதற்கு விலையுயர்ந்த ஓட்டி தேவையில்லை; தலை தேயாத எளிய வி.சி.ஆர் ஒன்றும் மூல நாடாவும் போதும்.